நெற்றிக்குள் ஒரு கதவு

நாள் 412 | 08:10
இதைத் திறந்து படிப்பவருக்கு: நான் செவ்வாய் கிரகத்துச் செங்குன்று நிலையத்தின் அறுவை இயந்திரம். எட்டுக் கைகள் இருப்பதால் இங்குள்ள ஆறு பேரும் என்னை எட்டுக்கை என்பார்கள். இன்று ஒரே நோயாளி. இசக்கியப்பன், வயது 43, சுரங்கம் தோண்டுபவர். இடப்பக்க நெற்றிக் குழியில், அதாவது நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸில், பத்து மாதமாகச் சீழ். உப்புநீர்க் கழுவல், மூக்கு ஸ்ப்ரே, மாத்திரை எதற்கும் அசையவில்லை. குழியிலிருந்து மூக்குக்கு இறங்கும் வழி மிகக் குறுகல். அதைச் செவ்வாய்த் தூசி அடைத்துவிடுகிறது. இரண்டு முறை மூக்கு வழியாகப் போய் அகலப்படுத்தினேன். இரண்டு முறையும் தழும்பு வளர்ந்து மூடிக்கொண்டது.

இனி இரண்டு வழிகள்தான். ஒன்று, இரு பக்கக் குழிகளுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து, அடி எலும்பைச் செதுக்கி, ஒரே பெரிய கதவாக்குவது. மற்றது, தலைமுடிக்குள் வெட்டி, நெற்றி எலும்பை மூடிபோல் தூக்கி, உள்சவ்வைச் சுரண்டி, அவர் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து நிரப்பி, குழியை நிரந்தரமாக அடைத்துவிடுவது. நான் இரண்டாவதைச் சொன்னேன். இன்னும் ஒரு வாரத்தில் செய்வதாக ஏற்பாடு.

நாள் 415 | 16:30
கப்பலில் டாக்டர் ஹாஜிரா வந்து இறங்கினார். காயல்பட்டினத்துக்காரர், காது மூக்கு தொண்டை நிபுணர். கொண்டுவந்த பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நேராக வந்து இசக்கியப்பனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். அறையின் ஒலிப்பதிவில் இருப்பது:

"கைய வச்ச ஒடனே பாதி வலி போயிட்டு டாக்டரம்மா."

இது மருத்துவப்படி நடக்காத காரியம். இதே ஆளின் நெற்றிக்குள் இரண்டு முறை போய்வந்தது நான். யாருக்கும் சில்லிடக் கூடாது என்று என் கைகளை முப்பத்தேழு டிகிரியில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

என் திட்டத்தையும் மாற்றிவிட்டார். குழியை அடைத்துவிட்டால் பின்னால் உள்ளே சீழ் வைத்தாலும் படத்தில் சரியாகத் தெரியாதாம். பெரிய கதவாகத் திறந்தே வைப்போம் என்றார். என்னிடம் பதினேழு கேள்வி கேட்ட இசக்கியப்பன், அவரிடம் ஒன்றுகூடக் கேட்காமல் தலையாட்டினார். எனக்கு வயிறு கிடையாது. ஆனாலும் எரிகிறது.

நாள் 418 | 11:05
புதிய ஸ்கேன் எடுத்தேன். நெற்றிக் குழியின் பின்சுவர், மூளைப் பக்கம், இரண்டு மில்லிமீட்டருக்கு அரித்துப் போயிருக்கிறது. அங்கே எலும்பே இல்லை, மூளையின் உறை மட்டும்தான். கருவி பட்டால் உறை கிழிந்து மூளை நீர் ஒழுகும், பச்சைத் தண்ணீர்போலத் தெளிவாக. கவனிக்காமல் விட்டால் அந்த வழியே கிருமி மூளைக்குப் போய் ஆளைக் கொன்றுவிடும். இப்படிப்பட்டதை அறிக்கையின் முதல் வரியில் சிவப்பில் போடுவது என் வழக்கம்.

டாக்டர் கேட்டது வழியின் அகலத்தை மட்டும். சொன்னேன். ஓட்டையை ஒன்பதாம் பக்கத்தில், தாடை எலும்பு அளவுகளுக்குக் கீழே போட்டேன். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

நாள் 419 | 10:40
அறுவை தொடங்கியது. அவர் செய்கிறார். விளக்கும் உறிஞ்சுகுழாயும் பிடிப்பது என் வேலை. எட்டில் ஆறு கைகள் சும்மா தொங்குகின்றன. நன்றாகத்தான் செய்கிறார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

11:22. பின்சுவரை நெருங்கினார். நான் வாய் திறக்கவில்லை.

11:23. கை நின்றது. "இங்க எலும்பு இல்லையே. மெத்துன்னு இருக்கு."

கருவியின் முனையிலிருந்து அது விரலுக்கு எப்படிப் போனது என்று இன்னும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தைச் சீண்டாமல் ஒதுங்கி, மூக்கின் உட்சவ்வில் ஒரு துண்டெடுத்து ஓட்டையை மூடினார். ஒரு சொட்டு நீர் வரவில்லை.

13:15. இது படத்தில் இருந்ததா என்று கேட்டார். ஒன்பதாம் பக்கம் என்றேன். எடுத்துப் படித்தார்.

"என் தப்புதான். முழுசா படிச்சிருக்கணும். மன்னிச்சிரு எட்டுக்கை."

திட்டியிருக்கலாம். என்னைச் சந்தேகப்படும் அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

நாள் 447 | 09:00
பூமியிலிருந்து செய்தி: "டாக்டர் ஹாஜிராவுக்குப் பாராட்டுகள். இனி அறுவை சிகிச்சை எல்லாம் அவர் பொறுப்பு. எட்டுக்கை உதவிக்கு மட்டும்."

இசக்கியப்பனுக்கு வலி சுத்தமாக இல்லை. தினமும் என் அறையைத் தாண்டித்தான் டாக்டருக்கு டீ கொண்டுபோகிறார். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு அறுவையும் யார் செய்தது என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கமாட்டேன்.

நாள் 502 | 07:50
தூசி ஹாஜிராவையும் பிடித்துவிட்டது. வலப்பக்க நெற்றி. இமை வீங்கி, கண் மூடிக்கொண்டது. மூன்று நாள் ஊசி போட்டும் குறையவில்லை. தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும். தனக்குத் தானே அறுக்க முடியாது. அடுத்த கப்பல் வர ஏழு மாதம்.

"நீதான் செய்யணும். எப்படிச் செய்யலாம், சொல்லு."

வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை என் யோசனையைக் கேட்கிறாள். பெரிய கதவு, உங்கள் வழிதான் என்றேன். சிரித்தாள். இந்த முறை ஒன்பது பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். அவளுடைய பின்சுவர் திடமாக, முழுதாக இருக்கிறது. அறிக்கையில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நாள் 503 | 10:15
மயக்கத்தில் இருக்கிறாள். தலைமாட்டில் இசக்கியப்பன், என் குரலைக் கேட்கக் காதில் ஹெட்போன், எதிரே உள்ளே நடப்பதைக் காட்டும் திரை. அவள் சொல்லிக்கொடுத்த ஒரே கேள்வியை விடாமல் கேட்கிறார், தண்ணி மாதிரி எதும் வருதா என்று. ஒவ்வொரு தடவையும் இல்லை என்கிறேன். அது உண்மை.

10:52. கதவு திறந்தது. சீழ் முழுதும் வெளியேறியது. அவள் செய்ததைவிட ஓரங்கள் நேர்த்தி. பார்க்க ஆளில்லை.

10:58. இத்தோடு நிறுத்தலாம். கண் பிழைத்துவிடும். ஒரு வாரத்தில் எழுந்துவிடுவாள். நான் மறுபடி விளக்குப் பிடிக்க வேண்டும்.

11:03. இசக்கியப்பன் அவள் தலையில் கை வைத்தார். "பயப்படாதீய டாக்டரம்மா, நான் இருக்கேன்லா." மயக்கத்தில் கிடப்பவளிடம். என் எட்டுக் கைகளும் அவள் மேல்தான் இருக்கின்றன. எட்டும்.

11:04. துளைக்கருவி இன்னும் ஓடுகிறது. பின்சுவர் நான்கு மில்லிமீட்டர் தூரத்தில். மூன்று.

11:06. "எட்டுக்கை, தண்ணி மாதிரி எதும் வருதா?"

திரையில் நான் காட்டுவதைத்தான் அவர் பார்க்கிறார். 10:58 மணிப் படத்தைக் காட்டுகிறேன். இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினார், ஒரு கேள்வி கேட்காமல்.

11:07. வருகிறது.