கடைக்குப் பின்னால் விழுந்த விமானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போர் விமானம் ஓட்டுகிறவளைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்பாய். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள். "நான் நல்லா இருக்கேன்" என்று நீ அனுப்பிய செய்தி வந்தது. அதற்குப் பிறகு உன் போன் அணைந்தே கிடக்கிறது. விழுந்த விமானத்தின் பாகங்களை ஏற்றிப் போக வந்திருக்கும் விமானப்படை டிரைவர் உங்கள் முகாமுக்குத்தான் திரும்புகிறாராம். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. அம்மா சாப்பிடுகிறாள் என்று எழுதத்தான் ஆசை. வானத்தில் சத்தம் கேட்டால் மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள், உள்ளே ஒன்றும் இல்லாமலே ஓடுகிறது. சண்டை நடந்த மாதங்களில்கூட அவள் இப்படி இல்லை. கேட்டால், "அப்ப பயந்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எவனோ சுடுவான்னு பயந்தேன். இப்ப யாரை நினைச்சுப் பயப்படறது?" என்கிறாள்.

போர் முடிந்துவிட்டது, விமானங்களைப் பழைய தளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம், நம் ஊர் மேலேதான் வருவோம் என்று நீதானே சொன்னாய். அதனால் அன்று காலையிலிருந்து நம் டயர் கடை வாசலில் கழுத்து வலிக்க நின்றேன். டயர் மாற்ற வந்த ஒரு லாரிக்காரர், "என்ன அண்ணாச்சி, மழையைத் தேடறீங்களா?" என்று கேலி செய்தார். என் பொண்ணு வரா என்று பெருமையாகச் சொன்னேன்.

மூன்று விமானங்கள் வந்தன. கடைசியாக வந்ததன் சத்தம் திடீரென்று நின்றது. அது சாய்ந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் முட்காட்டில் விழுந்தது. தரை அதிர்ந்து, அடுக்கி வைத்த டயரெல்லாம் சாலையில் உருண்டன. நான் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேனாம், லாரிக்காரர் பிறகு சொன்னார்.

நெருப்புக்குச் சற்றுத் தள்ளி, பாராசூட் சரியாக விரியாமல் ஒரு உருவம் கிடந்தது. தலைக்கவசமும் முகமூடியும் முகத்தை மறைத்திருந்தன. தலையை அசைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. முகமூடியைத் தொடாததற்கு அதுதான் காரணமா, பார்க்கப் பயமா என்று கேட்காதே. கையுறையை மட்டும் கழற்றினேன். கதவிடுக்கில் நசுங்கிய உன் சுண்டுவிரல் தழும்பைத் தேடினேன். பெரிய கை, ஆண்பிள்ளைக் கை.

கடவுளே, நீ இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. அதே நொடியில் அந்த விரல்கள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தன. நான் விடவில்லை. "இருக்கேன்பா, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தப் பிடி தளர்ந்து போயிருந்தது.

யாரென்று பிறகுதான் சொன்னார்கள். நீ போன் பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து, "அங்கிள், உங்க பொண்ணு சமைச்சதைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கோம்" என்று கத்துவானே, அவன். நீ எப்படித் தாங்குகிறாயோ.

நேற்று அவனுடைய அம்மாவை அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். கருகிய இடத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தார். உன் அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். சொல்லவில்லை, கையைப் பிடித்திருந்தான் என்றேன். பிறகு, யாரென்று நினைத்து அவ்வளவு வேகமாக ஓடினீர்கள் என்று கேட்டார். லாரிக்காரர் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொய் வரவில்லை.

"என் பொண்ணுன்னு நினைச்சுத்தாம்மா ஓடினேன்."

அவர் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா நல்லாத்தான் பிடிச்சிருப்பீங்க," என்றார்.

அவர் போன பிறகு அம்மா கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் உருண்டு போன டயர்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கினேன். வேறென்ன செய்வது?

இயந்திரக் கோளாறாம், விசாரிக்கிறார்களாம். அதற்குள் இந்த வாரமே உங்கள் விமானங்கள் மறுபடி ஏறும் என்று ரேடியோவில் சொன்னார்கள். முதலில் ஏறுவது யார் என்று சொல்லவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை. விடுப்பு கேட்டுப் பார். இல்லையென்றால் இன்னொரு தடவை கேள்.

கிடைக்கவே இல்லையென்றால், ஒவ்வொரு தடவை இறங்கியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். மணி அடித்தால் போதும், அம்மா சாப்பிட்டுவிடுவாள்.

உன் கால் எப்போதும் பத்திரமாகத் தரையைத் தொடட்டும், கண்ணு.

உன் அப்பா