இரண்டாம் மதிப்பீட்டாளர்

6.1.2025, திங்கள்
இந்த ஆண்டு எங்கள் துறையில் ஒரே ஓர் இணைப் பேராசிரியர் பதவிதான். விண்ணப்பித்திருப்பது நானும் சுஜீவனும். எனக்கு நாற்பத்தெட்டு, அவனுக்கு முப்பத்து நாலு. பத்து வருடமாகத் தோசை மாவிலும் மோரிலும் குடலுக்கு நல்ல நுண்ணுயிர் தேடிக்கொண்டிருக்கிறேன். இவன் நேற்று வந்தவன். பாலேக் பூலா சந்தையில் ஒரு ஜாடி தெம்போயாக் வாங்கினான். அந்தப் புளித்த டுரியான் பழ விழுதில் ஒரே மாதத்தில் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது. எங்கே போனாலும் அந்த ஜாடியைப் பற்றித்தான் பேச்சு.

8.1.2025
கேன்டீனில் அவனைச் சுற்றி எட்டுப் பேர். எண்ணினேன். எதற்கு எண்ணினேன்?

21.1.2025
ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல்: ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா? எழுதியவர் பெயரை மறைத்திருக்கிறார்கள். மதிப்பிடுபவர் யாரென்று அவருக்கும் தெரியாது. அதுதான் முறை. குடல் அழற்சி வந்த எலிகள் தெம்போயாக் நுண்ணுயிரால் குணமாயினவாம். இவனை விட்டால் வேறு யார்?

தெரிந்த ஆள் என்றால் மறுத்துவிட வேண்டும். ‘தெரியாது’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

5.2.2025
நன்றாகவே எழுதியிருக்கிறான், பாவி. அதுதான் பொறுக்கவில்லை.

கடைசியில் ஓர் ஓட்டை கண்டேன். நுண்ணுயிரைச் சூடாக்கிக் கொன்றுவிட்டுக் கொடுத்துப் பார்க்கவில்லை. செத்ததைத் தின்றும் எலி தேறினால், ‘உயிருள்ள நுண்ணுயிரின் வேலை’ என்ற இவன் பேச்சு என்னாவது? எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்லி எழுதினேன். நான்கு மாதமாவது ஆகும். பதவிக்கான நேர்காணல் ஜூலையில்.

இன்று சோறு நன்றாக இறங்கியது.

24.2.2025
சுஜீவன் முகம் தொங்கிக் கிடந்தது. "ரெண்டாவது ரிவியூவர் புரட்டி எடுத்துட்டாரு மோகன் அண்ணே. திரும்ப எலி ஆர்டர் பண்ணணும்."

"பொறுமையா செய்லா தம்பி" என்றேன். எவ்வளவு கனிவு எனக்கு!

16.6.2025
திருத்திய கட்டுரை மறுபடி என்னிடமே வந்தது. செத்த நுண்ணுயிரும் எலிகளைக் குணமாக்கியிருக்கிறது! அப்படியென்றால் உயிரோடு காப்பாற்றி வைக்கக் குளிர்பெட்டியே வேண்டாம். மாத்திரையாக்கி எந்தக் கடையிலும் வைக்கலாம். முன்பு இருந்ததைவிடப் பத்து மடங்கு பெரிய விஷயம். குழி வெட்டியது நான். தண்ணீர் கிடைத்தது அவனுக்கு.

19.6.2025
மூன்று நாள் குறை தேடினேன். இல்லை.

‘நிராகரிக்கலாம்’ என்று எழுதினால் போதும், நேர்காணல் தாண்டிவிடும். காரணம்? பொய்தான் எழுத வேண்டும். உட்கார்ந்து பார்த்தேன் — வரவில்லை. ‘ஏற்கலாம்’ என்று அனுப்பிவிட்டு, லோகேஸ்வரியிடம் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தேன். "ஆபீஸ் கோவத்த ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள். பெண்டாட்டி கேட்டதில் தப்பில்லை.

4.8.2025
பதவி அவனுக்குத்தான். ஜுரு பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலை மாத்திரை செய்யக் கேட்கிறதாம். கை கொடுத்தேன்.

11.9.2025, வியாழன்
சுஜீவன் கேன்டீனில் நுரை பொங்க ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் கொடுத்தான். அச்சான கட்டுரையைக் காட்டினான். முடிவில் ஒரு வரி: பெயர் தெரியாத இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு நன்றி.

"அந்தாளு இல்லன்னா இது சாதாரண பேப்பர்தான் அண்ணே. அந்த ஒரு கேள்வி... என்னா மூளை! ஜப்பான்காரரா இருக்கும்னு நெனைக்கிறேன். நம்ம பக்கம் யாரு அப்படி யோசிக்கிறா?"

"ஜப்பானாத்தான் இருக்கும்" என்றேன்.

இத்தனை வருடத்தில் என் வேலையை ஒருவரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. அது நான்தான்டா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கேட்பானே — தெரிந்தும் ஏன் ஒதுங்கவில்லை, எந்த எண்ணத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்று. தே தாரிக்கைக் குடித்து முடித்தேன்.

சுஜீவன் மேல்கூட இப்போது அவ்வளவாகப் பொறாமை இல்லை. அந்த ஜப்பான்காரனை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.