பின்னறை நிலைக்கால்

என்னங்க,

உங்கள் போன் அணைந்திருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை அசைவது கம்மியாக இருக்கிறது. அத்தையோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மூத்தவள் நான்சி பக்கத்து வீட்டுக் கண்ணகி அக்காவிடம் இருக்கிறாள். சாவியும் அங்கேதான். சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன.

பின்னறையை இடிக்க இன்று ஜேசிபி வரும் என்றீர்கள். நான் திரும்பும்வரை வேண்டாம். பிறக்கப்போகும் பிள்ளைக்காகத்தான் புது அறை கட்டுகிறீர்கள், தெரியும். "பழைய மரத்தக் கட்டிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று நேற்று கத்தினீர்கள். இப்போது சொல்கிறேன்.

காலையில் சுருக்கென்று வலித்தபோது அந்த அறையின் வாசல் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டேன். ஓரிடத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் விரல்கள் அதில் அப்படியே பொருந்தின. அத்தை அதைப் பார்த்து அழுதுவிட்டார்கள்.

"உன் வூட்டுக்காரன பெத்தப்ப நானும் அங்கதாம்மா புடிச்சிக்கினு நின்னேன். எங்க மாமியாரும் அங்கதான் புடிப்பாங்களாம்."

அந்த மாமியாரை நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் என் பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது. எனக்கு அந்தத் தைரியம் இப்போது வேண்டும்.

ஆட்டோ வந்துவிட்டது.

ஷீபா

ஜேசிபிக்காரரும் இப்போதே வந்துவிட்டார். உங்களைக் கேட்காமல் நானே திருப்பி அனுப்பிவிட்டேன். திட்டுவதானால் ஆஸ்பத்திரிக்கு வந்து திட்டுங்கள்.

ஒரு சின்ன அசைவு தெரிந்தது. அப்புறம் இல்லை. பயமாக இருக்கிறது. சாப்பிடக்கூட நிற்காமல் நேராக வந்துவிடுங்கள்.