லிங்கராஜ் வாசலில் நின்றது எதற்கு

ஜூலை 1, 2025, செவ்வாய்

நூலகர் வேல்ராஜ் அண்ணாச்சி மாட்டிவிட்டார். பன்னிரண்டாம் தேதி வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டுமாம். அதிகம் அறியப்படாத மனிதர்களின் சின்ன வாழ்க்கை வரலாறுகள் மூன்றைப் பரிந்துரைக்க வேண்டும். "பொறந்தாரு, வளந்தாரு, செத்தாருன்னு வேண்டாம்மா. மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு தெரியணும்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே வாய் வராதவள்.

ஜூலை 4, வெள்ளி

நூலக அலமாரி முழுக்கத் தலைவர்கள்தான். வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பதினாறாம் நாள் காரியத்தில் கொடுக்க வீட்டார் அச்சடிக்கும் நினைவு மலர்கள், அச்சகத்தில் நான் டைப் செய்தவை, நாற்பத்தொன்று. ஒரே மனிதர் திரும்பத் திரும்ப இறந்ததுபோல இருக்கும். இரக்கம், ஈகை, இன்சொல்.

மூன்று மட்டும் அப்படியில்லை. தனக்குக் கடிதமே வராததால் தன் பெயருக்கே எழுதிப் போட்டுக்கொண்ட கடம்பூர் தபால்காரர். அண்ணனோடு ஒன்பது வருடம் பேசாமல், அதே மேசையில் எதிரே உட்கார்ந்து தைத்த புதியம்புத்தூர் தையல்காரர். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி லிங்கராஜ். மகள் ஜெயப்பிரியா எழுதியது. தீவிபத்தில் ஒரு பெண் உள்ளே சிக்கி இறந்தபின் அவர் ஆபீசுக்குள் கால் வைத்ததே இல்லையாம். சாயங்காலம் வாசலில் நின்று வெளியே வரும் பெண்களை எண்ணுவாராம், இன்னொருத்தி உள்ளே மிஞ்சிவிடக் கூடாதே என்று.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவுக்கு லிங்கராஜ் மலரை வாசித்துக் காட்டினேன். அவர் ஆபீசில் பதினோரு வருடம் பெட்டியில் குச்சி அடைத்தவள். டைப் செய்தபோதே காட்டியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எண்ணத்தான் செஞ்சாவ. மடிய எதுக்கு உதறிக் காட்டச் சொன்னாவ? உள்ள நெருப்பையா முடிஞ்சு வச்சிருந்தோம்? தீப்பெட்டியத் திருடிட்டுப் போயிருவோம்னுல்லா!"

ஜூலை 9, புதன்

அச்சகத்தில் இரண்டு அழைப்பிதழைத் தப்பும் தவறுமாக அடித்தேன். லிங்கராஜ் மலரை விட்டுவிடலாமா? மூன்றில் அதுதான் நல்லது. அம்மா சொன்னதை மறைத்துப் பரிந்துரைத்தால் பொய். சொன்னால் — இறந்தவரைப் பற்றி, நானா?

அண்ணாச்சி போன் செய்தார். "ஜெயப்பிரியாவும் வாராங்கம்மா. நீ குடுத்த பட்டியலச் சொன்னேன், ரொம்பச் சந்தோசம் அவங்களுக்கு."



ஜூலை 11, வெள்ளி

சொல்லமாட்டேன். முடிவு.

ஜூலை 12, சனி

சொல்லிவிட்டேன்.

ஜெயப்பிரியா முன்வரிசையில்தான் இருந்தார். தபால்காரருக்குச் சிரித்தார்கள். தையல்காரருக்கு யாரோ "ச்சு" கொட்டினார்கள். மூன்றாவதைத் தூக்கிக் காட்டி, "அவசியம் படிங்க, ஆனா இதுல ஒரு பக்கம் இல்ல" என்றேன். அம்மாவைச் சொன்னேன். மடியைச் சொன்னேன்.

ஜெயப்பிரியா எழுந்தார். "உங்கம்மா பேரு என்ன?"

"பாண்டியம்மாள்."

தேநீர் வருமுன் போய்விட்டார். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்.

ஜூலை 20, ஞாயிறு

ஜெயப்பிரியா வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டைக்கு என்று நினைத்தேன். அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா உங்கள சந்தேகப்பட்டாரா?"

"பட்டாவ தாயி. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?" அம்மாவே தொடர்ந்தாள். "ஒருநாளு காய்ச்சல்ல குச்சி மூடைக்குப் பின்னால தூங்கிட்டேன். ஒரு ஆளு கொறையுதுன்னு உள்ள ஓடியாந்தது அவியதான். என்னைய எழுப்பிக் கையப் புடிச்சு வெளிய கூட்டியாந்தாவ."

"அப்பாவா? உள்ளயா?"

"அவியதான். வாசலுக்கு வந்ததும் என் மடியையும் உதறச் சொன்னாவ."

ஜெயப்பிரியா அழுதாரா சிரித்தாரா, தெரியவில்லை. அம்மா பாட்டுக்குக் காப்பி போடப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று ஜெயப்பிரியா அச்சகத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டுவந்தார், மிச்சமிருக்கும் மலர்ப் பிரதிகளில் ஒட்ட. நான்தான் டைப் செய்தேன். கடைசி வரி: "உள்ளே ஓடியவரும் அப்பாதான், மடியை உதறச் சொன்னவரும் அப்பாதான்." கீழே, "சொன்னவர்: பாண்டியம்மாள்."

இன்று காலை அம்மாவிடம் காட்டினேன். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரலை அதிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏட்டி, செத்தவியளுக்குத்தான இதுல பேரு போடுவாவ? நான் இருக்கேன்லா?"