ஒருவருக்குப் போதுமான காற்று

கொட்டாஞ்சேனை,
06.10.2025, திங்கள், போயா நாள்.

அன்பின் சுபோதினிக்கு,

காலையில் கோயிலுக்குப் போய் உம்முடைய பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதேயும். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். மேல்வீட்டு மிதுனா படிப்புக்காகப் புதன்கிழமை சைப்பிரசுக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் எனக்கு ஒழுங்காகக் கதைக்க வராது என்பது போன கிழமை உமக்கே விளங்கியிருக்கும்.

அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப்போவதாக நீர் சொன்னீர். உமது விருப்பம் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பிறகு நீர் இரண்டு தரம் எடுத்தும் நான் எடுக்கவில்லை. அது பிழை. அந்தக் கிழமை இங்கே நடந்ததைச் சொன்னால்தான் நான் சொல்ல நினைப்பது உமக்கு விளங்கும்.

எங்கள் பெயின்ற் கொம்பிரசர் பழுதாகிவிட்டது. மோட்டருக்கு ஒன்றுமில்லை, காற்றுத் தாங்கிதான். ஒரு பிரிட்ஜ் கதவுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கும்போது அடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. குனிந்து பார்த்தால் குண்டூசி முனை அளவு ஓட்டை, அதைச் சுற்றித் துருவேறிய கறள். வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை நீர்தான் ஒவ்வொரு நாளும் வெளியே விடுவீர். நீர் போன இரண்டு வருஷத்தில் நான் அதைச் செய்தது பத்துத் தரம்கூட இருக்காது. வெல்டிங் கடைக்காரர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். காற்று அடைக்கிற தாங்கிக்கு ஒட்டுப் போட்டால் ஒருநாள் வெடிக்கும், புதிது வாங்குங்கள் என்றார்.

சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நபீஸ் என்று ஒருவர் அங்கே கொம்பிரசர் கடை வைத்திருக்கிறார், எங்கள் வயதுதான். மூன்று ஹோர்ஸ் பவரில் ஒன்று காட்டச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மோட்டரின் பெலத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு வந்து சண்டை பிடிக்கிறார்கள் என்றார். ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றுத் தரும் என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். ரயருக்குக் காற்று அடிக்கக் கொஞ்சம் போதும். பெயின்ற் அடிக்கிற கன்னோ நிறுத்தாமல் குடித்துக்கொண்டே இருக்கும். என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், வீட்டுக் கரன்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவ்வளவு காலம் இந்தத் தொழில் செய்தும் இதையெல்லாம் நான் யோசித்ததில்லை. பழையதை உம்முடைய அண்ணாதானே வாங்கித் தந்தவர்.

முதலில் ஓயில் தேவைப்படாத, சத்தமில்லாத ஒன்றைப் போட்டுக் காட்டினார். உண்மையாகவே சத்தமில்லை. பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கதைக்கலாம். அயலுக்குத் தொந்தரவு இராது, வீட்டுக்கு இதுதான் நல்லது என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். நாள் முழுக்க ஓடினால் அது சூடேறும் என்று காரணம் சொன்னேன், அதுவும் சரிதான். ஆனால் உம்மிடம் உண்மையைச் சொல்கிறேன். இந்த வீட்டில் இப்போது எனக்குச் சத்தம் போதாது. பழையது ஓடுகிற நேரம் மட்டும்தான் வீட்டில் இன்னும் யாரோ இருப்பது போலிருக்கும். மோட்டரை நிறுத்தினால் பிறகு என்னுடைய செருப்புச் சத்தம்தான்.

பிறகு பெல்ற் போட்டு ஓடுகிற, ஓயில் விடுகிற வகையைக் காட்டினார். அதில் இரண்டு அளவு இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை கன் ஓடும் என்று கேட்டார். யோசிக்காமல் இரண்டு என்றேன். மற்ற ஆள் யாரென்று கேட்டார். வைஃப் என்றேன். நான் பிரிட்ஜின் பெரிய பெட்டியை அடிக்கும்போது நீர் பக்கத்தில் கதவுகளை அடிப்பதையும், பதினொரு வருஷமாக அப்படித்தான் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

நபீஸ் சிரிக்கவில்லை. அவருடைய தம்பியும் இதே வேலை செய்தவராம். இப்போது மூச்சு வாங்கி நாலு படி ஏற முடியாமல் வீட்டில் இருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஒங்கட வைஃபுக்கு இருமல் ஒண்டும் இல்லையா?”

“இப்ப இல்லை” என்றேன்.

என் வாயால் சொல்லி என் காதால் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, சுபோ. இப்போது இல்லை. போன கிழமை நாங்கள் முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். நீர் ஒரு தரமும் இருமவில்லை. இங்கே இருந்தபோது ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் நாலு தரம் இருமுவீர். சத்தத்தில் அது எனக்குக் கேட்பதில்லை என்று நினைத்திருப்பீர். கேட்டது. கேட்டுப் பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாங்கள் பெயின்ற் அடிக்கிற முன்னறையில் இருந்து பழையதெல்லாம் யோசித்தேன். நல்ல மாஸ்க் ஒன்று, பெயின்ற் புகையை மறிக்கிற வடி வைத்தது, வாங்குவோம் என்று நீர் கேட்டீர். நான் துணி மாஸ்க் ஒரு பெட்டி கொண்டுவந்து, எல்லாம் ஒன்றுதான் என்றேன். கதவுகளை முற்றத்தில் வைத்து அடிப்போம் என்றீர். தூசி ஒட்டும் என்று நான் மறித்தேன். கடைசியில் சைப்பிரசில் வயதான அம்மா ஒருவரைப் பார்க்கிற வேலை வந்தபோது, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் நீர் வெளிக்கிட்டீர். இவ்வளவு சுலபமாகப் போகிறீரே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். ஏனென்று கேட்கவில்லை. இந்தத் தரமும் கேட்காமல் போனை வைத்தேன்.

மற்ற நாள் ஞாயிறு, கடை பூட்டு. நபீசுக்குப் போன் எடுத்தேன். வீடு கடைக்குப் பின்பக்கம்தான், வாருங்கள் என்று எனக்காகத் திறந்தார். சின்ன அளவைத்தான் வாங்கினேன். நூறு லீற்றர் தாங்கி, ஒரு கன்னுக்குத்தான் காற்றுப் போதும். இரண்டு பூட்டினால் இரண்டும் துப்பும், பெயின்ற் புள்ளி புள்ளியாக விழும் என்று அவரே எச்சரித்தார். தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். வடி வைத்த மாஸ்க் ஒன்றும் வாங்கினேன், எனக்கு. ஓட்டோவில் ஏற்ற அவரே கை கொடுத்தார். தாங்கித் தண்ணீரை ஒவ்வொரு நாளும் விடச் சொன்னார். விடுவேன்.

நீர் வரமாட்டீர் என்று நினைத்து ஒற்றைக்கு வாங்கிவிட்டேன் என்று மட்டும் எண்ணாதேயும். பெரியதை வாங்கியிருந்தால் அதன் இரண்டாவது குழாய் ஒவ்வொரு நாளும் உமக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நீர் வந்து கன்னைப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி ஒரு பொருள் இந்த வீட்டில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

மற்றபடி செய்தி பெரிதாக இல்லை. மத்தியானம் சந்திக் கடைச் சாப்பாடுதான். அங்கேயும் பார்சல் ஒன்றுதானே என்று கேட்காமலே கட்டித் தருகிறார்கள். உம்முடைய கறிவேப்பிலை முற்றத்தில் மதிலுக்கு மேலே போய்விட்டது. இலை பிடுங்க ஆளில்லை. மேல்வீட்டார் வந்து எடுக்கிறார்கள்.

நீர் பார்க்கிற அம்மாவுக்கு உம்மில் பிரியம் என்று தெரியும். அங்கே உமக்கு மூச்சு லேசாக இருக்கிறதென்றால், கையெழுத்து வையும். நான் கோபப்பட மாட்டேன். ஆனால் காரணத்தை எனக்குச் சொல்லும். இந்தத் தரம் கேட்பேன். சாமான்களுக்குப் பெயின்ற் அடிக்க வெளியில் ஒரு இடம் வாடகைக்கு விசாரித்திருக்கிறேன். தை மாதத்துக்குள் முன்னறையைக் கழுவி, வெள்ளை அடித்து, அந்த மணம் போக யன்னலைத் திறந்து வைக்க யோசனை. அது வெறும் அறையாகத்தான் இருக்கும். அதில் என்ன வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீர் சொன்னால் நல்லது.

எங்கே இருந்தாலும் கடவுள் உம்மைக் காப்பாற்ற வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடும்.

வேலைக்கு வர வேண்டாம், சுபோ. சும்மா வாரும்.

உம்முடைய
தயாபரன்