சாவி சொன்னால் பூஜ்யம்

4 மார்ச், செவ்வாய்

காலையிலிருந்தே மழை. குடை ஆபீசில், நான் சிராங்கூன் வீட்டில். நனைந்துகொண்டே எம்ஆர்டி ரயிலுக்கு.

இன்று பரிசோதனைக்கு மூன்று பேர். முதல் ஆள் வரவில்லை. இரண்டாவது ஒரு அக்கா, தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஸ்கேன் அறை வாசலில் அரை மணி நேரம். மெஷினுக்குள் உலோகம் கூடாது, மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "யாரும் சொல்லலையே" என்கிறார். ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு வந்தவர்.

மூன்றாவது சவரிமுத்து அங்கிள். வயது 66. செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்கேன் மெஷின் அந்தத் தட்டு தட்டுகிறது, உள்ளே குறட்டை. எழுப்பினால், "டாக்யார்டுல இதவிட சத்தம் லா" என்றார்.

பிறகு வார்த்தைப் பட்டியல். நான் பதினைந்து சொற்களை வாசிக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து தடவை. அரை மணி கழித்து, வாசிக்காமலே ஒரு தடவை. கடைசியில் சொல்வதற்குத்தான் மதிப்பெண். அச்சில் உள்ள சொல் அப்படியே வந்தால் ஒன்று. வேறு எது வந்தாலும் பூஜ்யம்.

வானொலி: ரேடியோ. 0
திறவுகோல்: சாவி. 0
செவிலியர்: மிஸ்ஸி. 0
மிதிவண்டி: சைக்கிள். 0
அங்காடி: பாசார். 0
குவளை: கிளாஸ். 0
தொடர்வண்டி: எம்ஆர்டி. 0
சாளரம்: ஜன்னல். 0
எழுதுகோல்: பேனா. 0

ஆறு, மாம்பழம், நாற்காலி, நிலா, ஆடு, மழை மட்டும் தப்பித்தன. பதினைந்தையும் சொன்னார், வரிசைகூட மாறவில்லை. மதிப்பெண் 6. சாப்பிடும்போது யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று அந்த ஒன்பதையும் ஷீட்டின் ஓரத்தில் கிறுக்கி வைத்தேன்.

(பட்டியலை வெளியே எழுதக்கூடாது என்று விதி. எழுதிவிட்டேன். போகட்டும்.)

7 மார்ச், வெள்ளி

வெயில். தலைவலி. மீட்டிங்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் (இனி டா., தமிழ் தெரியாதவர்) படம் போட்டுக் காட்டினார். மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று. நோய்நொடி இல்லாதவர்களுக்கும் அது பெரிதாக இருந்தால் வார்த்தைகள் அதிகம் நினைவில் நிற்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. இரண்டு வருடமாக இதே கேள்வி. படத்தில் புள்ளிகள் அரிசி கொட்டின மாதிரி இறைந்து கிடக்கின்றன. ஒன்று மட்டும் தெளிவு: மூன்று மொழிகளில் சோதிக்கிறோம், அதில் தமிழ்ப் புள்ளிகள் எல்லாம் கீழே. மூளை அளவில் வித்தியாசம் இல்லை, மதிப்பெண்ணில் மட்டும் பாதாளம்.

டா. ஆங்கிலத்தில், "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். தமிழர்களுக்கு ஞாபகம் மட்டு என்று ஒரு கட்டுரை வந்துவிடும், அதில் கடைசி வரியில் என் பெயருக்கு நன்றி வேறு.

பட்டியலில்தான் கோளாறு என்றேன். சென்னையில் நிபுணர்கள் சரிபார்த்த பட்டியல் என்றார். சென்னையிலேயே எவன் சாளரத்தைத் திறக்கிறான்? கேட்கவில்லை. மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். இந்த வாய் வீட்டில்தான் கிழியும்.

வாங்க வேண்டியவை: புளி, உளுந்து, தலைவலித் தைலம், இன்னொரு குடை.

15 மார்ச், சனி

லிட்டில் இந்தியா. கூட்டம், புழுக்கம். புளி வாங்கினேன், உளுந்தை மறந்தேன்.

கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல். "நீதானம்மா அந்த டெஸ்ட் எடுத்த பொண்ணு?" சவரிமுத்து அங்கிளின் மனைவி, மேரி ஆன்ட்டி. அன்று வெளியே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்.

"லெட்டர் வந்துச்சு. ஞாபகம் கம்மியா இருக்கு, பாலிகிளினிக்ல போய்க் காட்டுங்கன்னு. அன்னையிலருந்து மனுசன் சரியா சாப்பிடல."

என் கையில் கறிவேப்பிலை.

"இருபது வருசமா ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசையில அவருதான் பைபிள்லருந்து முதல் வாசகம் படிப்பாரு. போன வாரம் ஃபாதர்கிட்ட போயி, வேற ஆளப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டாரு. நடுவுல நின்னுட்டா அசிங்கமாம். பாத்துப் படிக்கிறதுல என்னத்த மறக்கப் போறீங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு." கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நானும் இப்ப அவரு அடுப்ப அணைச்சாரான்னு பின்னாலயே போய்ப் பாக்குறேம்மா. அவருக்குத் தெரியும்."

எட்டுக்குக் கீழே மதிப்பெண் போனால் கடிதம் தானாகவே போகும். அந்த ஒன்பது பூஜ்யத்தையும் போட்டது நான். சிரித்துக்கொண்டே போட்டேன். என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

கறிவேப்பிலையையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

காலை பத்து மணிக்கு அங்கிளுக்கு போன். பூசை நேரம், எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

நான்: அங்கிள், திறவுகோல் தெரியுமா?

அவர்: தெரியாம? விண்ணரசின் திறவுகோல்கள்னு பைபிள்ல வருமே. எத்தனை தடவை படிச்சிருக்கேன்.

நான்: அப்புறம் ஏன் எங்கிட்ட சாவின்னு சொன்னீங்க?

அதற்கு அவர், "கோயில்ல படிக்கிறப்போ திறவுகோல். உங்ககிட்ட சாவி. நான் உங்ககிட்ட பேசிட்டுதானே மா இருந்தேன்?"

ஆமாம். பேசிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையா மா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் அங்கிள் என்றேன். இப்போதே சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாதாம். நாசமாய்ப் போன விதி.

17 மார்ச், திங்கள்

அங்கிளின் ஷீட்டோடு டா. அறைக்கு. வாய் இன்று ஆபீசிலேயே கிழிந்தது.

ஓரத்துக் கிறுக்கலை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். ரேடியோ என்றால் ரேடியோ, சைக்கிள் என்றால் சைக்கிள். டா.வுக்கு மொழிபெயர்க்கவே ஒன்றுமில்லை, பாதி அவர் மொழிதான். மிஸ்ஸி, பாசார் என்று அவர் அம்மாவும் சொல்லுவாராம். ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினைந்துக்குப் பதினைந்து" என்றார். ஸ்கேனைத் திறந்தார். அங்கிளின் ஹிப்போகாம்பஸ் நடுத்தரம், பெரிதுமில்லை சிறிதுமில்லை.

கடிதத்தை ரத்து செய்கிறார், மன்னிப்பும் எழுதுகிறார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷி.

உடனே அங்கிளுக்கு போன். ஆன்ட்டிதான் எடுத்தார். அழுதார். பின்னால் அங்கிள் குரல்: "அடுப்ப நான் அணைச்சிட்டேன், போய்ப் பாக்காத." வருகிற ஞாயிறு அவரே வாசிக்கிறார். எனக்கு அழைப்பு. நான் கோயிலுக்குப் போகிற ஆளில்லை, இதற்குப் போவேன்.

மாலையில் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது டா. கேட்டார், "மற்றவர்கள் ஷீட்டிலும் எழுதி வைத்திருக்கிறாய்தானே?"

18 மார்ச், செவ்வாய்

மறுபடி மழை. புதுக் குடையும் ஆபீசில்.

தமிழ் ஷீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. டிக், பூஜ்யம், டிக், பூஜ்யம். ஓரம் வெள்ளை வெளேர். யார் எதற்குப் பதில் எதைச் சொன்னார்கள் என்று ஒரு எழுத்து இல்லை. ஒலிப்பதிவும் கிடையாது. அங்கிள் சிரிப்பு மூட்டினார், அதனால் எழுதினேன். மற்றவர்கள் மூட்டவில்லை.

அங்கிளைத் தவிர இன்னும் நாலு பேருக்குக் கடிதம் போயிருக்கிறது. மறுபடி அழைத்து, வேறு பட்டியல் வைத்துப் பார்க்கலாம் என்றார் டா. மூன்று பேர் போனை எடுக்கவில்லை. ஈசூனில் ஒரு அம்மா எடுத்தார். பட்டியல்தான் தப்பு, நீங்கள் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குத்தான் ஞாபகம் நிக்கிறதில்லையே மா, எதுக்கு மறுபடி?" என்று வைத்துவிட்டார்.

அவர் ஷீட் எதிரே இருக்கிறது. பத்து பூஜ்யம், என் கையெழுத்து. நவம்பரில் முக்கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நீலச் சேலை. பிளாஸ்கில் டீ கொண்டு வந்து எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். சாவி என்று சொன்னாரா, ஒன்றுமே சொல்லாமல் இருந்தாரா? எனக்கு ஞாபகம் இல்லை.