கையை எடுத்த இடம்

அன்புள்ள பாட்டுக்காரிக்கு,

உன் தொண்டைக்கட்டு சரியானதா? மாமாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மேடைக்கு ஸ்பீக்கர் தூக்கும் வேலைதான் இன்னும். நேற்று ஒரு பெரிய ராக் குழு வந்தது. ஒலி சோதிக்கும் நேரத்துக்கு அவர்களுடைய பேஸ் கிதார்க்காரர் வரவில்லை. ஒலிக்காரர் என்னிடம், "உனக்குத்தான் வாசிக்க வரும்ல? சும்மா எதையாவது வாசிப்பா" என்றார்.

நம் குழுவின் முதல் பாட்டையே வாசித்தேன். கீபோர்டு வங்கி வேலைக்குப் போனது, டிரம்ஸ் கோபித்துக்கொண்டு போனது, மிஞ்சிய நாம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் ஞாபகம் வந்தது.

இரண்டாவது சரணத்தில் நீ தனியாகப் பாடுவாயே, அந்த இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் கையை எடுத்துவிட்டேன். "என்னாச்சு, ஒயர் போச்சா?" என்று ஒலிக்காரர் ஓடி வந்தார்.

"இல்லண்ணே, இங்க அவ பாடுவா."

காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பாரம் தூக்கும்போது தோளில் போட ஒரு பழைய துண்டு அனுப்பு. அந்த நான்கு வரியையும் போனில் பாடி அனுப்பு. தொண்டை கரகரத்தாலும் பரவாயில்லை. பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பாயே, அதை வெட்டிவிடாதே.

வண்டி ஹாரன் அடிக்கிறது.

குழுவில் மிச்சமிருக்கும்,
உன் பேஸ் கிதார்